வரி இல்லாத கோட்டு

1

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்பட்டால், அதற்குள் கதைக்குக் கை, கால், வால் எல்லாம் முளைத்திருக்கும்.

போன குளிர்காலத்தில், ஐம்பத்திரண்டு வயது முடிந்த நான், இங்கே ஒரு துணிக்கடையின் சிறுவர் பிரிவுக்குள் நுழைந்து, பள்ளிக்கூடப் பையன்கள் போடும் இருபதாம் நம்பர் குளிர்கோட்டு ஒன்றை எனக்காக வாங்கினேன். ஏழ்மையால் இல்லை, வரியால். அந்த இரண்டு மாதம் மட்டும் கனடா அரசாங்கம் சில சாமான்களுக்கு விற்பனை வரியைத் தூக்கியிருந்தது. விலைவாசி கழுத்தைப் பிடிக்கிறது, வியாபாரம் படுத்துக் கிடக்கிறது, கொஞ்ச நாள் வரியை எடுத்துவிட்டால் ஜனங்கள் கடைக்கு வருவார்கள், மந்தம் கலையும் என்பது அவர்கள் நினைப்பு. சிறுவர் துணிக்கு வரி கிடையாது. பெரியவர் துணிக்கு உண்டு. பையன்கள் துணியில் இருபதாம் நம்பர் வரைக்கும் சிறுவர் என்று சட்டம் சொன்னது. அந்தத் துணிக்குள் எத்தனை வயதுக்காரன் நுழைகிறான் என்று அது கேட்கவில்லை.

நான் குள்ளம். பள்ளிக்கூடத்தில் பத்து வருடமும் பிரார்த்தனை வரிசையில் முதல் ஆள். அன்றைக்கு அழ வைத்த உயரம் ஒரு நாள் பதின்மூன்று சதவீதம் மிச்சம் பிடித்துக் கொடுக்கும் என்று யார் கண்டது?

திருப்பூர்க்காரன் துணிக்கடைக்குள் போனால் முதலில் விலையைப் பார்க்க மாட்டான். துணியை உள்வெளியாகத் திருப்புவான். ஓவர்லாக் தையலை நகத்தால் நெருடுவான். தோள் இணைப்பை இரண்டு கையாலும் இழுப்பான். பிசிறு நூல் தெரிந்தால் பல்லால் கடித்துவிடக்கூடச் செய்வான். நானும் பழக்கதோஷத்தில் அந்தக் கோட்டைக் குடலை உருவுவதுபோலத் திருப்பிப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். காவல்காரர் வந்து பக்கத்தில் நின்றார். அவருக்கு ஒரு புன்னகை கொடுத்துவிட்டு வரிசையில் போய் நின்றேன். முக்கால் மணி நேர வரிசை. எந்தக் கல்லாவுக்குப் போகக் கூடாது என்று நினைத்தேனோ, வரிசை என்னை அந்தக் கல்லாவுக்கே தள்ளியது. அங்கே நின்றது யாழினி. என் மகள். கல்லூரி இல்லாத நாட்களில் அந்தக் கடையில் வேலை பார்க்கிறாள்.

என்னைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். அதன் நம்பரைப் பார்த்தாள்.

"இது உங்கள் பிள்ளைக்கா, சார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஆமாம்."

"என்ன வயது?"

"பத்தொன்பது."

"நன்றாக வளர்ந்த பையன்போல."

"பையன் இல்லை, பெண். வாய் மட்டும் அளவுக்கு மேல் வளர்ந்துவிட்டது."

"பாவம். தகப்பன் வளராத வீடுகளில் அப்படி ஆகும்" என்று சொல்லி, ரசீதை என் கையில் வைத்து, "அடுத்தவர்!" என்று கூப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். தோள் கச்சிதம். கை ஒரு அங்குலம் கட்டை. ஜிப்பு கீழிருந்து கிளம்பி ஜோராக மேலே வந்து, தொப்பையைக் கண்டதும் நின்றுவிட்டது. என் மனைவி மடத்துக்குளத்துக்காரி, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்குங்க இது? ஊட்டுல பையனே இல்லியே" என்றாள்.

திருப்பிக் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் அந்தக் கம்பெனியின் கடைகளில் ஜனங்கள் திருப்பிக் கொடுக்கும் துணியெல்லாம் ஒரு கிடங்குக்கு வரும். அதைப் பிரித்து, ஏன் திரும்பி வந்தது என்று காரணம் எழுதி அடுக்குவதுதான் பத்தொன்பது வருடமாக என் உத்தியோகம். என் கோட்டுக்கு நானே காரணம் எழுத வேண்டிவரும். கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கம்போடியாவில் தைத்தது. அலமாரியில் மாட்டினேன்.

இது சின்ன முட்டாள்தனம். இதற்கு ஒரு பெரியண்ணன் இருக்கிறது. அதே வாரம் நான் பொங்கலூருக்குப் போன் செய்து சொன்ன வார்த்தை அது.

2

பொங்கலூரில் தென்னந்தோப்பை ஒட்டி ஒரு தகரக்கூரை ஷெட். உள்ளே இருபத்தெட்டுத் தையல் மெஷின், நாற்பது பேர். நடத்துகிறவர் தங்கவேல், என் தங்கை சாந்தாமணியின் வீட்டுக்காரர். திருப்பூரில் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி வெட்டிக் கொடுக்கும் துணியை வாங்கி, குழந்தைகள் பனியனாகத் தைத்துத் திருப்பிக் கொடுப்பார். அந்தப் பனியன்களில் பெரும்பகுதி கப்பலேறி இங்கேதான் வந்தன. எங்கள் கிடங்குக்கு வரும் பெட்டிகளிலும் சில சமயம் தென்படும். மாப்பிள்ளையின் ஷெட்டில் தைத்தது என்றால் எனக்கு வாசனையிலேயே தெரியும் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் அளந்துவிடுவேன். உண்மையில் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும்.

கனடாவுக்கு வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டுக்காரன் கேட்டதை நம் ஆட்களுக்கும், நம் ஆட்கள் சொல்லும் சாக்கை வெளிநாட்டுக்காரனுக்கும் மாற்றிச் சொல்கிற வேலை. அந்தப் பழைய பவிசு இன்னும் ஊரில் செல்லுபடியாகிறது. நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று தங்கைக்குத் தெளிவாகத் தெரியாது. 'கம்பெனில துணிப் பக்கம் பெரிய பொறுப்பு' என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுக்குகிற துணியின் உயரத்தைப் பார்த்தால் பொறுப்பு பெரியதுதான்.

ஆகவே மார்கழி பிறந்த வாரத்தில் தங்கவேல் என்னைக் கேட்டது இயல்பு. எனக்குக் காலைத் தேநீர் இடைவேளை. அங்கே வேலை முடியும் சாயங்காலம்.

"மச்சான், வெள்ளகோவில்ல இருந்து ஒருத்தரு வந்தாருங்க. ஷெட்டு, மெஷினு, ஆளுக எல்லாத்தையும் அப்படியே எடுத்துக்கறேங்கறாருங்க. எனக்கு மாசம் வாடகை குடுத்துருவாருங்களாம். ஆளுகளுக்கும் வேலை போகாதுங்க."

"அப்ப நீங்க, மாப்ள?"

"அவருகிட்டயே சூப்பர்வைசரா இருந்துக்கறனுங்க. ரெண்டு வருசமா ஆர்டரு கொறஞ்சுட்டே வருதுங்களே. ராத்திரி படுத்தாத் தூக்கம் வருமுங்களே." கொஞ்சம் தயங்கினார். "அங்க எப்படிங்க மச்சான்? கடையில கூட்டம் இருக்குதுங்களா?"

இந்த ஒரு கேள்வியில்தான் என் கதி இருந்தது. இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்திருக்க வேண்டும்.

"கூட்டமா? மாப்ள, ஒரு கோட்டு வாங்க நான் முக்கா மணி நேரம் வரிசையில நின்னேன்! கவருமெண்டு வரியத் தூக்கிட்டாங்க. அதும் எதுக்கு? கொழந்தைக துணிக்கு! நீங்க தைக்கற அதே துணிக்கு! வரி போச்சுன்னா கையில காசு நிக்கும். காசு நின்னா வாங்குவான். வாங்குனா அலமாரி காலியாகும். காலியானா ஆர்டரு எங்க போடுவான்? திருப்பூருக்குத்தான் வரோணும். தை பொறக்கட்டும், பாருங்க. இப்பப் போயி யாராச்சும் ஷெட்ட விடுவாங்களா?"

என்ன கோட்டு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் ஒரு சலசலப்பு. மனிதர் போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். மெஷின்களெல்லாம் நின்றிருக்கின்றன. நாற்பது பேர் என் பொருளாதாரத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"கனடா அண்ணாச்சி, நல்லாருக்கியளா?" என்று ஒரு பெண் குரல். அந்தோணியம்மா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடமாக அந்த ஷெட்டில் செக்கிங் பார்க்கிறவர். தைத்து வரும் ஒவ்வொரு பனியனும் அவர் கண்ணைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். "ஆர்டர் வந்துரும்னு சொல்லுதியளே, நெசந்தானா? பெரிய கம்பெனில கூப்புடுதாக. இருக்கவா, போவவா?"

"இருங்க அந்தோணியம்மா, எங்கியும் போயிறாதீங்க" என்றேன், அந்த ஷெட்டே என் பாக்கெட்டில் இருப்பதுபோல.

வெள்ளகோவில்காரரை மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

3

நான் மறந்தது என்ன என்று எனக்கே புரிய இரண்டு மாதம் ஆயிற்று.

அந்த இரண்டு மாதமும் கிடங்கில் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வரும். மறுநாள் அதற்குத் திருத்தம் வரும். திருத்தத்துக்கு விளக்கம் வரும். செருப்பு என்றால் உள்ளடியின் நீளத்தை அளக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் அந்தக் கால் பெரியவருடையது. விளையாட்டுக்கென்றே தைத்த உடுப்புக்குச் சிறுவருடையதானாலும் வரி உண்டு. வேஷம் போடும் உடுப்புக்கும் உண்டு. குழந்தையின் அணையாடைக்கு வரி இல்லை. துணி அலசுகிற சோப்புக்கு உண்டு. கிறிஸ்துமஸ் மரத்துக்கு இல்லை. பியருக்கு இல்லை. சட்டம் எழுதியவர் எந்த மேசையிலிருந்து எழுதினார் என்று ஓரளவு ஊகிக்க முடிந்தது.

ஒரு மதியம், காலியான பெட்டிகளை மடக்கிக்கொண்டிருந்தேன். கலைமான் படம் அச்சடித்த சிவப்புப் பனியன்கள் வந்த பெட்டிகள். பக்கவாட்டில் இந்தியாவிலிருந்து கிளம்பிய மாதம் இருந்தது. நம் கணக்கில் ஆவணி.

கை நின்றுவிட்டது.

திருப்பூரில் கிறிஸ்துமஸ் ஆடியில் வரும். ஆடிக்காற்றில் ஷெட்டுத் தகரம் தடதடவென்று அடிக்க, வேர்க்க விறுவிறுக்க, பனியில் வண்டி இழுக்கும் கலைமான்களைக் கட்டுக்கட்டாக எண்ணி அடுக்குவோம். மார்கழிக் குளிரில் மப்ளர் சுற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போடுகிற கைவைக்காத பனியன் தைப்போம். பன்னிரண்டு வருடம் அந்தக் காலண்டரில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். கல்யாணத் தேதியைக்கூட ஷிப்மெண்டைப் பார்த்துத்தான் குறித்தேன். கடையில் கூட்டம் நிற்கிற அன்றைக்கு, அந்தக் கூட்டம் வாங்கும் துணி தைத்து முடிந்து அரை வருடம் ஆகியிருக்கும் என்பது திருப்பூரில் செக்கிங் டேபிளுக்குப் புதிதாக வருகிறவருக்கும் தெரியும்.

மார்கழியில் தூக்கிய வரி ஆவணியில் கிளம்பிய பெட்டியைத்தான் காலி செய்யும். அடுத்த கோடைக்கான துணி அதற்குள் தைத்து முடிந்து கொண்டிருக்கும். தையில் எந்த ஆர்டரும் பிறக்காது. இதை மறக்கப் பதினெட்டு வருடம் வேண்டியிருந்தது. பனிக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன். மூளை உறைய நல்ல வசதி.

சரி, அலமாரி காலியானதே, அடுத்த குளிருக்காவது நிரப்புவார்கள் அல்லவா? அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். பிறகுதான் திரும்பி வந்த துணிகளோடு இருந்த ரசீதுகளில் நம்பர்களைக் கவனித்தேன். நாலு வயதுத் துணி விற்றிருந்தது; அதோடு ஐந்து, ஆறு வயதுத் துணியும் சேர்ந்து ஒரே கூடையில் போயிருந்தன. பெற்றோர்கள் விவரமானவர்கள். பிள்ளைக்கு அடுத்த வருடத்து அளவையும் வரியில்லாமல் வாங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டார்கள். அடுத்த வருடம் வரும்; பிள்ளை வளர்ந்திருக்கும்; துணி வீட்டிலேயே இருக்கும். கடைக்கு எதற்கு வர வேண்டும்?

4

யாழினியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறாள். எங்கள் வீட்டில் பொருளாதாரம் படித்த முதல் ஆள். படிக்காமல் பேசிய முதல் ஆள் நான்.

அவள் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்கள் புண்ணியத்தில்தான் அவள் வாயில் தமிழ் இருக்கிறது. ஆனால் அது எங்கள் தமிழ் இல்லை. ஒருமுறை தங்கவேல் போனில் "நல்லா இருக்கியா கண்ணு?" என்று கேட்க, இவள் ஆமாம் என்பதை யாழ்ப்பாணத்து முறையில் "ஓம் மாமா, ஓம்" என்றாள். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங் மச்சான், பாப்பா தியானம் கீது போகுதுங்களா?" என்று விசாரித்தார்.

அந்தத் தமிழில்தான் தீர்ப்பு வந்தது.

"அப்பா, ஆக்கள் கூட வாங்கேல்லை. கெதியா வாங்கினவை. அவ்வளவுதான்."

கெதியா என்றால் சீக்கிரமாக. அதிகமாக வாங்கவில்லை, முன்கூட்டி வாங்கினார்கள். நான் நாற்பது பேருக்குக் கொடுத்த சொற்பொழிவை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

"வரி குறைச்சா நல்லதுதானே பாப்பா? புத்தகத்துல அப்படித்தானே போட்டிருக்கு?"

"யாருக்குக் குறைக்கினம், எவ்வளவு நாளைக்கு, அவையள் அந்தக் காசை என்ன செய்வினம்... அதுவும் போட்டிருக்கு. நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

யோசித்தேன். ஹோட்டல் சாப்பாட்டுக்கும் வரி இல்லை என்பதால் மூன்று முறை குடும்பத்தோடு வெளியே போய்ச் சாப்பிட்டோம். மாகாண அரசாங்கமும் தன் பங்குக்கு ஆளுக்கு இருநூறு டாலர் காசோலை அனுப்பியது. செலவழியுங்கள், நாடு நிமிரட்டும் என்று அர்த்தம். என் காசோலை கார் இன்சூரன்ஸுக்குப் போயிற்று. மனைவியுடையது கடன் அட்டைக்குப் போயிற்று. வேலை நிலைக்குமா என்று பயந்துகொண்டிருக்கிறவன் கையில் காசு வந்தால் முதலில் ஓட்டையைத்தான் அடைப்பான். அதைத் தப்பென்று சொல்ல முடியாது. என்னைப்போல லட்சம் பேர் ஓட்டையை அடைத்திருப்பார்கள். கிடைத்த சலுகையில் நான் வாங்கிய ஒரே துணி அந்தக் கோட்டு. குழந்தைகள் பனியன் ஒன்றுகூட வாங்கவில்லை. யாருக்கு வாங்குவது? என் குழந்தை கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

மந்தத்தைக் கலைக்க அரசாங்கம் என் பாக்கெட்டைத் திறந்துவிட்டது. அதிலிருந்து திருப்பூருக்குப் போனது ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட நான்தான் போனில் கத்தினேன், காசு நின்றால் வாங்குவான் என்று.

5

தை பிறந்தது. மாசி, பங்குனி போயிற்று. ஏற்றுமதிக் கம்பெனியில் கேட்டால், "பையர் இந்த வருசம் கம்மியாத்தான் போட்டிருக்காங்க, வீட்ல ஸ்டாக் இருக்குதுன்னு சொல்றாங்க" என்றார்களாம். பையர் என்றால் துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி. வீட்டில் என்றால் கடைக்காரர் வீட்டில் அல்ல, பெற்றோர் வீட்டில். அது எனக்கு மட்டும் விளங்கியது. தங்கவேலிடம் விளக்கவில்லை.

அவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் உபத்திரவம். வாரா வாரம் போன் செய்து, "வந்துருமுங்க மச்சான், நீங்கதான் சொன்னீங்களே" என்று எனக்கே தைரியம் சொன்னார். ஒரு மனிதர் நம் வாயிலிருந்து வந்த பொய்யை நமக்கே மருந்தாகக் கொடுத்தால் எப்படி விழுங்குவது?

ஆவணியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை ஏற்றியது. அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த பெரிய கம்பெனிகள் கை ஒடிந்து, மற்ற நாட்டு ஆர்டர்களை அடிமாட்டு விலைக்குப் பிடிக்கத் தொடங்கின. பொங்கலூர் ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்த கொஞ்சமும் அதில் போயிற்று. வரியைக் குறைத்தால் அதன் நல்லது ஆடி அசைந்து நடந்து வருகிறது, வழியில் நாலு வீட்டில் காப்பி குடிக்கிறது. வரியை ஏற்றினால் மட்டும் மறுநாள் காலையில் ஷெட்டு வாசலில் நிற்கிறது.

வெள்ளகோவில்காரரைத் தேடிப் போனார் தங்கவேல். அவர் அதற்குள் வேறு ஷெட்டை எடுத்து, அதிலும் திணறிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில், தீபாவளிக்கு முன்னால் இந்தியாவிலும் துணிக்கு வரியைக் குறைத்தார்கள். செய்தியைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்குமா? சூடு பட்ட வாய் என்றெல்லாம் அதற்குக் கிடையாது. போன் போட்டேன்.

"மாப்ள, பாத்தீங்களா? ரெண்டாயிரத்து ஐநூறு ரூவா வரைக்கும் அஞ்சே பர்செண்ட்டுங்களாம்! ஏற்றுமதியே வேண்டாம். உள்ளூருக்குத் தைங்க!"

"ஏனுங் மச்சான்," என்றார் அமைதியாக, "ஆயிரம் ரூவாய்க்குக் கீழ இருந்தா முன்னாடியும் அஞ்சுதானுங்களே. நாம தைக்கற பனியனு என்னைக்குங்க ஆயிரத்துக்கு மேல வித்துச்சு?"

பன்னிரண்டு வருட மெர்ச்சண்டைசருக்குப் பனியன் விலையும் மறந்திருந்தது. பிறகு சாந்தாமணி போனை வாங்கினாள்.

"ண்ணா, போனஸ் நேரமுங்க. இருவது மெஷின வித்தாச்சு. பழனிப் பக்கத்து ஆளு வந்து ஏத்திட்டுப் போய்ட்டாரு."

"இருவதா?"

"பின்ன என்னங்ண்ணா பண்றது? பதினஞ்சு வருசமா இருக்கற சனத்துக்குத் தீவாளிக்கு வெறுங்கையக் காட்ட முடியுமா? இவருக்கு மனசு கேக்கல. மெஷினு போறப்ப ஷெட்டுக்குள்ளயே இல்ல இவரு, தோப்புக்குள்ள போயி நின்னுக்கிட்டாரு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க சாமி" என்றாள் தங்கை. பெரியவர்களைக் கூப்பிடும் 'சாமி'தான். அன்றைக்கு அது, போதும் விடுங்கள் என்று போடும் கும்பிடுபோல இருந்தது.

திருப்பூரில் தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு தெற்கத்தி ஆட்கள் ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். பத்து நாள் கழித்துத் திரும்புகிறவர்களை வைத்துத்தான் ஒரு ஷெட்டுக்கு உயிர் இருக்கிறதா என்று சொல்ல முடியும். இந்த முறை திரும்பியவர்கள் ஒன்பது பேர். அந்தோணியம்மா அதில் ஒருவர். 'இருங்க' என்று நான் சொன்னதைக் கேட்டுப் பெரிய கம்பெனியை விட்ட பெண். அந்தப் பெரிய கம்பெனி இப்போது யாரையும் கூப்பிடவில்லை.

6

இந்த வாரம் இங்கே முதல் குளிர் இறங்கியது. காலையில் கதவைத் திறந்தால் காற்று காதைத் திருகுகிறது. பழைய கோட்டின் ஜிப்பு போன வருடமே போய்விட்டதால், அலமாரியிலிருந்து இருபதாம் நம்பரை எடுத்து, திறந்த மார்போடு போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். கனடா வந்து இந்த ஐப்பசியோடு பத்தொன்பது வருடம். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன் ஒருவன் போட்டிருந்ததும் அதே கோட்டு, அதே நிறம். அவனுக்கு ஜிப்பு மேலேவரை ஏறியிருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனில் தங்கவேலின் குரல் பதிவு வந்தது.

"மச்சான், நல்லா இருக்கீங்களா? கம்பெனியில கூப்புட்டுச் சொன்னாங்க. அடுத்த குளிருக்குக் கொழந்தைக பனியன் சின்ன ஆர்டரு ஒண்ணு இருக்குதுங்களாம். நல்லா வித்தா மேல தருவாங்களாம். மீதி எட்டு மெஷினையும் கேட்டு ஆளு வந்திருக்குதுங்க. வெச்சுக்கறதா, குடுத்தறதான்னு ஒண்ணும் ஓடலீங்க. அந்தோணியம்மா வேற, கனடா அண்ணாச்சியக் கேளுங்க, அவுக சொன்னாச் சரிங்கறாங்க. அங்க கடையில கூட்டம் எப்படிங்க மச்சான்?"

பதிவை இரண்டு முறை கேட்டேன். அதே கேள்வி. இருபது மெஷின் போன பிறகும் அதே மனிதர், அதே ஆளிடம், அதே கேள்வியைக் கேட்கிறார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. வழக்கமாகக் குரலில்தான் அனுப்புவேன். பேச ஆரம்பித்தால் என் வாய் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே கோட்டின் கட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு, விறைத்த விரலால் எழுதினேன்.

"மாப்ள, கடைக்கூட்டத்தை என்னிடம் கேட்காதீங்க. போன வருடம் நான் சொன்னது தப்பு. அன்றைக்குக் கடையில் போனது நீங்கள் ஆடியில் தைத்தது. ஜனங்கள் அதிகமாக வாங்கவில்லை, அடுத்த வருடத்துக்கும் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். இது எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும். உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. வெள்ளகோவில்காரரை நீங்கள் அனுப்பியது என்னால்தான். இங்கே நான் பெரிய பொறுப்பிலும் இல்லை, திரும்பி வந்த துணியை அடுக்குகிறேன். எட்டு மெஷினை வைத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியாது. நீங்களும் அந்தோணியம்மாவும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்க. அவர் கண்ணுக்குத் தெரிவது எனக்குத் தெரியாது. இன்னொன்று. அந்த வரியில்லாத இரண்டு மாதத்தில் நான் திருப்பூர்த் துணி எதுவும் வாங்கவில்லை. வரி மிச்சம் பிடிக்கச் சின்னப் பையன்கள் கோட்டு ஒன்று எனக்கு வாங்கினேன். இருபதாம் நம்பர். கம்போடியாவில் தைத்தது. மன்னிச்சுக்கோங்க."

அனுப்பிவிட்டு எதிர்ப்பக்கம் போய்த் திரும்புகிற பஸ்ஸுக்கு நின்றேன். வேலைக்கு நேரமாகிவிட்டது. இரண்டு நீல டிக் விழுந்தது; படித்துவிட்டார். எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. பொங்கலூரில் அது சாயங்காலம். எட்டு மெஷினும் ஓய்ந்திருக்கும். அந்தோணியம்மா பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பஸ் வந்து, நான் படியில் கால் வைத்தபோது பதில் வந்தது.

"அளவு சரியா இருந்துதுங்களா மச்சான்?"